யார் பாடுவது, யாரிடம் பாடுவது?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு திருமண மண்டபத்தில் நாடகப் பாடல் கச்சேரி ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வங்கி ஊழியர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த பயில்முறை நாடகக் குழு. முழு நாடகம் போட ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனவே பாடல்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு ஜால்ரா. ஒப்பனை இல்லை, திரை இல்லை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்பது மாணவர்களை, பெற்றோர் அனுமதி பெற்று, அழைத்துப் போயிருந்தேன். பாடியவர்கள் நன்றாகவே பாடினார்கள். பவளக்கொடியில் இரண்டு, வள்ளி திருமணத்தில் மூன்று, கோவலனில் ஒன்று என்று போய், முடிவில் நந்தனார் பாடல்கள் வந்தன. தில்லைக்குப் போக உத்தரவு கேட்கும் நந்தனை ஆண்டை ஏசி விரட்டும் பாட்டு வந்தபோது அரங்கமே தாளத்துக்குக் கைதட்டியது. எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அந்தக் கடைசிப் பாட்டு சாமி பாட்டா?"

"இல்லம்மா. நிலத்துக்காரர் தன் பண்ணையாளைத் திட்டுற பாட்டு."

"அப்ப நாம ஏன் கைதட்டினோம்?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆறு வாரம் என் வகுப்பில் நடந்தவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

நாடகப் பாட்டு என்பது பேச்சு. ஒரு பாத்திரம், ஒரு நேரத்தில், எதிரே நிற்கும் இன்னொருவரிடம் எதையோ கேட்கிறது, மறுக்கிறது, கெஞ்சுகிறது, மிரட்டுகிறது. பேசி முடியாத இடத்தில் பாட்டு வருகிறது. அந்தப் பாட்டை மேடையிலிருந்து கழற்றிக் கச்சேரிக்குக் கொண்டுவரும்போது ராகம் கூட வருகிறது, தாளம் கூட வருகிறது, எதிரே நின்றவர் மட்டும் காணாமல் போகிறார். அவர் இல்லாவிட்டால் ஏச்சும் இனிப்பாகத்தான் கேட்கும்.

இது நமக்குப் புதிதல்ல. எங்கள் ஊரிலிருந்து வடக்கே தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடி இருக்கிறது. அங்கே 1711-இல் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர் அருணாசலக் கவிராயர். அவருடைய இராம நாடகக் கீர்த்தனைகள் கதை முழுவதையும் பாட்டாகவே சொல்பவை. இன்று நாம் கேட்பதோ கச்சேரியில் தனித்தனியாகப் பாடப்படும் சில கீர்த்தனைகளைத்தான். மிதிலையில் முதல் பார்வையில் எழும் கேள்வியாக அமைந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டைச் சீதை இராமனைப் பார்த்துப் பாடுவதாகவே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரிகளை நிதானமாகப் படித்தால், கன்னிமாடத்தில் நின்றவளைப் பார்த்து வியப்பவன் இராமன் என்பது தெரியும். பாடுபவர் ஆணா பெண்ணா என்பதே மாறிப்போகும் அளவுக்குக் காட்சி கழன்றுவிட்டது.

மேடைப் பாடலின் பொற்காலம் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும், பாத்திரம் தெரியும். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நம் ஒன்றியப் பிரதேசத்து ஆசிரியர்கள் கல்விச் சுற்றுலாவில் சேர்த்துக்கொள்ளத்தக்க இடம்; கடற்கரையும் தாவரவியல் பூங்காவும் மட்டும் போதாது.

பிறகு கிராமபோன் வந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் மேடைப் பாடல்கள் இசைத்தட்டுகளாயின. நாடகத்தையே பார்க்காதவர்கள் பாட்டை மட்டும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மறுபக்கம், வழக்கறிஞராக இருந்து நீதிபதியான பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை போன்ற பயில்முறைச் சபைகள் பாட்டைக் குறைத்து உரையாடலைக் கூட்டின. பாட்டு ஒரு வழியாகவும் பேச்சு ஒரு வழியாகவும் போயின. இன்றைய பயில்முறைக் குழு பாட்டை மட்டும் மேடையேற்றுவது அந்தப் பிரிவின் கடைசிப் படி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாடுகளிலும் இசை நாடகப் பாடல்களை மட்டும் கோத்துப் பாடும் கச்சேரிகள் உண்டு. 1959-இல் நியூயார்க் மேடைக்கு வந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் ஒரு பெண் குழந்தைகளுக்கு ஸ்வரம் கற்றுத்தரும் பாட்டை நம் மழலையர் பள்ளிகளில்கூடப் பாடுகிறார்கள். பாடத் தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலாக வாய் திறக்கும் இடம் அது என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை.

இனி நந்தனாருக்கு வருகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பாரதியார் பிறந்தது நாகைக்கு அருகில் உள்ள நரிமணத்தில். அவர் இக்கதையை ஊர் ஊராகப் பாடிக் கேட்டவர்கள் உருகியபோது, அது அச்சாக உதவியவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. 1860-களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, கதையும் பெரியபுராணத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் பிள்ளையவர்களுக்கு மனமில்லை. ஒரு நாள் அவர் ஓய்வில் இருந்தபோது பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாடத் தொடங்க, கேட்டு மனம் கரைந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். சிவப்பு மையோடு திரியும் தமிழாசிரியர்கள் நாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நினைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

பிள்ளையவர்கள் சொன்ன வேறுபாடு உண்மையானது. சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டை என்று ஒருவர் இல்லை. தயங்கித் தயங்கி நாளைப்போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் தாமே புறப்பட்டுவிடுகிறார். ஆண்டையான வேதியரை உள்ளே கொண்டுவந்தவர் பாரதியார்தான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் சொல்ல, சிவகணங்கள் ஒரே இரவில் அதைச் செய்து முடிக்கின்றன. ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்று கணக்கு ஆசிரியரைக் கொண்டு சொல்லவைத்தேன். 260 ஏக்கர் என்று கரும்பலகையில் வந்ததும் நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வயல் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

பிள்ளைகளே ஒரு கச்சேரி நடத்துவது என்று முடிவு செய்தோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எந்தப் பாட்டுக்கு முன்னும் மூன்று வாக்கிய இணைப்புரை வேண்டும்: இதைப் பாடுவது யார், யாரிடம், இதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த மூன்று வாக்கியம் எழுதுவதுதான் உண்மையான மொழிப்பாடம். முதல் வரைவில் எல்லோரும் "இது ஒரு அருமையான பாடல்" என்று தொடங்கினார்கள். அடித்துவிட்டேன். "வள்ளி தினைப்புனத்தில் இருக்கிறாள்" என்று எழுதியவளிடம், எங்கே உட்கார்ந்திருக்கிறாள், கையில் என்ன, வந்தவன் கிழவனா இளைஞனா என்று கேட்டேன். கவண் என்ற சொல் அந்த வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை; மீதிப்பேர் அதைக் கட்டைவிரலில் சுற்றிக் காட்டினார்கள். பாடலின் சொற்களை மெட்டில்லாமல், பேசுவதுபோல் ஒருமுறை வாசிக்கச் சொல்வது நல்ல பயன் தந்தது. எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் கோபம், எந்தச் சொல்லில் பயம் என்பதை மெட்டு மறைத்துவிடும், வாசிப்பு காட்டிக்கொடுக்கும்.

இனி நான் செய்த தவறு. உத்தரவு கேட்கும் நந்தனின் பாட்டை வகுப்பிலேயே நல்ல குரல் உள்ள ஒரு பையனிடம் கொடுத்தேன். ஆண்டையின் பாட்டை உரக்கப் பாடக்கூடிய இன்னொருவனிடம் கொடுத்தேன். குரலைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. யோசிக்காததுதான் தவறு. முதல் பையன் வயல் வேலைக்குப் போகும் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆண்டையின் பாட்டு தொடங்குவதே சாதியைச் சொல்லி இழிக்கும் ஒரு சொல்லோடு. இன்று ஒருவரை நேரில் பார்த்துச் சொன்னால் சட்டப்படி குற்றமாகும் சொல். ஒத்திகையில் அந்த வரி வந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் எதுவும் சொல்லவில்லை. தன் பகுதியைச் சரியாகப் பாடி முடித்து உட்கார்ந்தான். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய அப்பாயி வந்தார். வெயிலில் நடந்து வந்தவர், தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"பாட்டுக் கத்துக்கொடுக்குறீங்கன்னு சந்தோசமா இருந்துச்சு டீச்சர். அவனும் வீட்டுல பாடிக்கிட்டே இருந்தான். அவனப் பாத்து அந்த வார்த்தையச் சொல்ற மாதிரி ஏன் நிறுத்துனீங்க?"

அது பாட்டில் இருக்கிறது, நாங்கள் சொல்லவில்லை, நந்தனார்தான் இந்தக் கதையின் நாயகர், கடைசியில் வெல்பவர் அவர்தான் என்றெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வேளை, எதையும் சொல்லவில்லை. "தப்புத்தான்மா, நான் யோசிச்சிருக்கணும்" என்றேன். "நாளைக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டை நீக்கிவிடலாம் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். நீக்கினால் நந்தன் எதை எதிர்த்து நின்றான் என்பதே இல்லாமல் போகும்; வெறும் பக்திப் பாட்டாக மிஞ்சும். நான் அந்த மண்டபத்தில் கைதட்டியது அதனால்தானே? அப்படியே பாடவைப்பதும் முடியாது. ஆண்டை, அடிமை இரண்டையும் யார் ஏற்பது என்ற கேள்வியில் நடுநிலை என்று ஒன்று நம் வகுப்பறைகளில் இல்லை. எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாவிட்டாலும்.

வழி சுப்பிரமணிய பாரதியிடம் கிடைத்தது. ஆண்டையின் அதே பாட்டின் வர்ணமெட்டை எடுத்துக்கொண்டு, சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் கூறுவதாக அவர் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அவர் கவிதைத் தொகுப்புகளில் தேசிய கீதங்கள் பகுதியில் அது இருக்கும். எந்தப் பாட்டின் மெட்டு என்ற குறிப்பும் பல பதிப்புகளில் உண்டு. ஆண்டை இருந்த இடத்தில் வெள்ளைக்கார அதிகாரி. நந்தன் நின்ற இடத்தில் நாடு முழுவதும். ஏளனம் அதேதான், துள்ளலும் அதேதான். அந்த மெட்டில் அதைக் கேட்ட அன்றைய வாசகர், தான் எந்தச் சாதியாக இருந்தாலும், ஒரு பாட்டு முடியும்வரையாவது நந்தனுடைய இடத்தில் நின்றாக வேண்டும். மெட்டை மட்டும் அல்ல, எதிரே நிற்பவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார் பாரதி.

எனவே கச்சேரியில் ஆண்டையின் பாட்டை யாரும் பாடவில்லை. அதில் என்ன சொல்லப்படுகிறது என்பதை இணைப்புரையில் ஆசிரியரான நானே சொன்னேன். பிறகு பாரதியின் பாட்டை மேசைமேல் நாற்காலி போட்டு அமர்ந்த ஒரு மாணவி அதிகாரியாகப் பாடினாள். வகுப்பு முழுவதும் கீழே நின்று கேட்டது. சிரிப்பு வரவில்லை. இந்தத் தீர்வு முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். நாட்டின் அவமானத்தைக் காட்டிச் சாதியின் அவமானத்தை மூடிவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை வகுப்பிலேயே கேட்டேன். "ரெண்டும் ஒண்ணு இல்ல டீச்சர். அதிகாரி கப்பலேறிப் போயிட்டான்" என்று ஒருவன் சொன்னான். வேறு யாரும் எதுவும் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.

திரும்பி வந்த பையன் இனிப் பாடமாட்டேன் என்றான். வற்புறுத்தவில்லை. இணைப்புரை எழுதித் தருகிறேன் என்று அவனாகவே கேட்டான். நாற்பது வேலி விளைந்த காட்சிக்கு அவன் எழுதிய மூன்று வாக்கியம் இது: "ஆண்டை சொன்ன வேலை முடிந்துவிட்டது என்று நந்தன் வந்து சொல்கிறார். ஒரே ராத்திரியில் பூதகணங்கள் செய்ததாக எல்லோரும் அதிசயப்படுகிறார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் எல்லாம் அந்த வேலையைச் செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை." நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை.

இதே காலத்து மேடையைப் பற்றிப் பேசும்போது விசுவநாததாஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறாதீர்கள். வள்ளி திருமண மேடையில் புனத்துக்கு வரும் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டில் வெள்ளையரை விரட்டியவர். பலமுறை சிறை சென்றவர். சாதியைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் அன்று இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். அந்தக் கொக்குப் பாட்டுக்கும் "யார், யாரிடம்" என்ற கேள்வியைப் போட்டுப்பாருங்கள். வள்ளிக் கதையில் ஒரு விடை, 1930-களின் அரங்கில் இன்னொரு விடை. எட்டாம் வகுப்புக்கே இது புரிகிறது.

செய்ய விரும்பும் நண்பர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம். நாங்கள் ஏழு எடுத்துத் திணறினோம். வாரம் ஒரு பாடவேளை வீதம் ஆறு வாரம் ஆயிற்று. ஆர்மோனியம் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் சுருதிச் செயலி போதும், தாளத்துக்கு மேசை இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டி மேடைக்காரர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு அதே கட்டையில் பிள்ளைகளைக் கத்தவிடாதீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களில் பலருக்குக் குரல் உடையும் பருவம். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். சிறுவர் சபைகளில் பெண் வேடம் போட்டுப் புகழ்பெற்ற பையன்கள் இந்த வயது வந்ததும் பாட்டை இழந்து தவித்திருக்கிறார்கள். நம் பையன்களுக்கு அந்த ஓராண்டு இணைப்புரை, தாளம், மேடைப் பொறுப்பு என்று கொடுத்துவிட்டால் கேலிக்கு ஆளாகமாட்டார்கள். தொடக்கப்பள்ளியில் செய்வதானால் நந்தனாரை விட்டுவிட்டு வள்ளியின் ஆலோலக் காட்சி ஒன்றே போதும். பறவைக் குரல்களை எல்லாம் பிள்ளைகளே சேர்த்துக்கொள்வார்கள்.

பாத்திரம் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் முதலில் தனக்குத்தானே வாசித்துப்பார்க்க வேண்டும், எந்தப் பிள்ளை இதைக் கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு. நான் செய்யாமல் விட்டது அது.

கச்சேரி ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடந்தது. நல்ல மழை, தகரக் கூரைச் சத்தத்தில் இரண்டாவது பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. பெற்றோர் பதினாறு பேர் வந்தார்கள். அப்பாயியும் வந்திருந்தார், வாசல் பக்கம் நின்றபடி. பேரன் இணைப்புரை வாசித்தபோது அரங்கத்தில் கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு ஆர்மோனியத்தில் அடுத்த பாட்டுக்குச் சுருதி எடுத்தார்கள்.

இவ்வாண்டு வள்ளி திருமணம் எடுத்திருக்கிறோம். வேடன், விருத்தன், வள்ளி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. யானைக்குத்தான் இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை.